மலைநாட்டுக் குழந்தைகளின் விடுமுறை

"இந்த விடுமுறைக்கு மலைக்குப் போகிறோம்" என்று நம் தோழியரில் ஒருத்தி சொன்னால் அதன் பொருள் நமக்கு உடனே விளங்கிவிடும். உதகையோ கொடைக்கானலோ, பேருந்தில் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றி, ஏரியில் படகு விட்டு, காட்சிமுனையில் வரிசையாக நின்று படம் எடுத்து, வர்க்கியும் சாக்லெட்டும் வாங்கிக்கொண்டு இறங்குவது. மலையை நாம் பார்த்துவிட்டு வருகிறோம். அதன்மீது நடந்து பழகுவது குறைவு. ஒரு நாடே மலையாக இருந்தால் அங்குள்ள பிள்ளைகள் விடுமுறை நாட்களில் தாய் தந்தையரோடு என்ன செய்வார்கள்? வகுப்பில் ஆல்ப்ஸ் மலைத்தொடரைப் பற்றிப் பேச்சு வந்தபோது எழுந்த கேள்வி இது. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் சித்தி குடும்பம் சுவிட்சர்லாந்தில் வாழ்வதால், புத்தகங்களில் படித்தவற்றோடு அவர்கள் கடிதத்தில் எழுதியவற்றையும் சேர்த்து நாங்கள் அறிந்துகொண்டதை இங்கே தருகிறோம்.

சுவிட்சர்லாந்தின் பரப்பு 41,285 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதிலும் பாதிக்கு மேல் ஆல்ப்ஸ் மலையே. மிக உயர்ந்த சிகரமான டூஃபூர்ஸ்பிட்ஸ் 4,634 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயர்ந்த நம் ஆனைமுடி 2,695 மீட்டர்தான். அங்கே யுங்ஃபிராவ் என்னுமிடத்தில் இரயில் நிலையமே 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது! மலையைக் குடைந்து அந்தப் பாதையை அமைக்க 1896 முதல் 1912 வரை பதினாறு ஆண்டுகள் ஆயின. ஆனால் அந்த இரயிலில் செல்லக் கட்டணம் மிக அதிகம். பொதுவாகவே அது செலவு மிகுந்த நாடு. ஆகையால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே கிளம்பும் சாதாரணக் குடும்பம் முதலில் நாடுவது நடையைத்தான்.

நடை என்றவுடன் அலட்சியமாக எண்ணிவிடலாகாது. அந்நாட்டில் 65,000 கிலோமீட்டருக்கு மேல் நடைபாதைகள் குறிக்கப்பட்டுள்ளன. நிலவுலகை ஒரு முறை சுற்றிவந்தாலும் சுமார் 40,000 கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் மஞ்சள் நிறக் கைகாட்டிப் பலகை நிற்கும். அதில் எழுதியிருப்பது தூரம் அன்று, நேரம். இன்ன ஊருக்கு 1 மணி 20 நிமிடம், இன்ன கணவாய்க்கு 3 மணி என்று இருக்கும். மலையில் இரண்டு கிலோமீட்டர் என்றால் அரைமணியும் ஆகலாம், இரண்டு மணியும் ஆகலாம், ஏற்றத்தைப் பொறுத்தது. எனவே தூரத்தைச் சொல்வதில் பயனில்லை என்று கண்டு நேரத்தைச் சொல்கிறார்கள். சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் நடப்பவருக்கான கணக்கு அது. இளைப்பாறும் நேரம் அதில் சேராது. சிறு குழந்தை உடனிருந்தால் பலகையில் உள்ளதைப் போல ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ ஆகும். இந்தக் கணக்கைப் போடும் பொறுப்பைச் சித்தி வீட்டில் எட்டு வயது மகனிடமே விட்டுவிடுவார்களாம். "இங்கே ஒரு மணி என்று போட்டிருக்கிறது, தங்கைக்கு இரண்டு மணி, கடைசிப் பேருந்து ஐந்து மணிக்கு, ஆகையால் இப்போதே திரும்ப வேண்டும்" என்று அவன் சொன்னால் பெரியவர்கள் திரும்பியாக வேண்டும். கணக்குப் பாடத்தில் வரும் காலமும் தூரமும் நமக்கு ஏன் இப்படி இனிக்கவில்லை என்று எங்களுக்குத் தோன்றியது!

பலகையோடு பாறைகளிலும் மரங்களிலும் வர்ணக் குறிகள் உண்டு. மஞ்சள் குறி மட்டும் இருந்தால் யாரும் நடக்கலாம். வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று பட்டை இருந்தால் அது மலைப்பாதை. செங்குத்தான இடங்கள் வரும், நல்ல காலணி வேண்டும், தலை சுற்றுபவர் போகலாகாது. வெள்ளை, நீலம், வெள்ளை என்றால் கயிறும் அனுபவமும் உள்ளவர்களுக்கு மட்டுமே. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் இந்த நிறங்கள் தெரிந்திருக்கும்.

இதற்கெல்லாம் வித்திட்டவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி. மோட்டார் வண்டிகள் பெருகி, நடப்போர் சாலையிலிருந்து ஓரம் கட்டப்பட்ட 1930களில், யோஹான் யாக்கோப் எஸ் என்னும் அந்த ஆசிரியர் நடப்போருக்கென்றே தனிப் பாதையும் ஒரே மாதிரியான குறியீடும் வேண்டும் என்று முயன்றார். 1934ஆம் ஆண்டு அதற்கென ஒரு சங்கம் தோன்றியது. 1979ஆம் ஆண்டு நாட்டு மக்கள் வாக்களித்து, நடைபாதைகளைப் பேணுவதை அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தார்கள். நடப்பதற்கான வழியை அரசியலமைப்பில் இடம்பெறச் செய்த நாட்டை வேறெங்கே காண்பது அரிது.

நடையின் நடுவே உணவு. காட்டோரங்களில் கல் அடுக்கிய அடுப்பிடங்கள் பொதுவில் அமைந்திருக்கும். சில இடங்களில் விறகும் அடுக்கி வைத்திருப்பார்கள். பிள்ளைகள் குச்சி சீவி, செர்வெலா என்னும் கொழுத்த இறைச்சிக்குழலின் இரு முனைகளையும் குறுக்காகக் கீறி, குச்சியில் குத்தித் தீயில் வாட்டுவார்கள். கீறிய முனைகள் பூவிதழ் போல விரியும். அதன் மேல்தோல் பிரேசில் நாட்டு மாட்டின் குடல். 2006ஆம் ஆண்டு அதன் இறக்குமதிக்குத் தடை வந்தபோது, தேசிய உணவு அழிந்துவிடுமோ என்று நாடே கவலைப்பட்டதாம். மாவைக் கயிறுபோல் திரித்துக் குச்சியில் சுற்றிச் சுடும் "பாம்பு ரொட்டி"யும் உண்டு. பாதி கருகி, பாதி வேகாமல்தான் வருமாம். ஆனாலும் தன் கையால் சுட்டதென்று பிள்ளைகள் மிச்சம் வைப்பதில்லை. மழை பொய்த்த கோடையில் காட்டில் தீ மூட்டத் தடை விதிக்கப்படும். அப்போது ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான்.

களைத்துப் போனால் ஏறிக்கொள்ள மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து மலைச்சாலைகளில் ஓடுகிறது. வளைவுகளில் அது எழுப்பும் மூன்று சுர ஒலி, ரொசீனி என்னும் இசைமேதையின் "வில்லியம் டெல்" இசை நாடகத்தின் முகப்பிசையிலிருந்து எடுக்கப்பட்டது. நம் மலைப் பேருந்துகளின் ஒலியைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்ளும் நமக்கு இது சற்றுப் பொறாமை தரும் செய்தியே.

இரயில் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனெனில் அதில் நமக்கும் உறவு உண்டு. தண்டவாளங்களின் நடுவே பல்வரிசை பதித்து, இரயிலின் அடியிலுள்ள பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டே மேலேறும் முறையில் ஐரோப்பாவின் முதல் மலை இரயில் 1871ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் ரிகி மலையில் ஓடியது. பிலாத்துஸ் மலையில் 1889 முதல் ஓடும் இரயில் நூறு மீட்டர் முன்னேறினால் நாற்பத்தெட்டு மீட்டர் மேலே ஏறுகிறது. உலகின் பற்சக்கர இரயில்களில் அதுவே மிகச் செங்குத்தானது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899 முதல் ஓடும் நம் நீலகிரி இரயிலும் பற்சக்கர இரயிலே. அதன் ஏற்றம் நூற்றுக்கு எட்டு மீட்டர்தான். அதற்கான முறையை வகுத்த ரோமன் ஆப்ட் ஒரு சுவிஸ் பொறியாளர். அதில் ஓடிய நீராவி எஞ்சின்கள் பல, சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. அடுத்த முறை உதகைக்குப் போகும்போது படம் எடுப்பதை நிறுத்திவிட்டுத் தண்டவாளத்தின் நடுவே குனிந்து பாருங்கள். பல்வரிசை தெரியும்.

குளிர்காலத்துக்கு வருவோம். பிப்ரவரி மாதவாக்கில் அங்குப் பள்ளிகளுக்கு "விளையாட்டு விடுமுறை" என்று ஒரு வாரமோ இரண்டு வாரமோ கிடைக்கும். அது பிறந்த கதை விந்தையானது. இரண்டாம் உலகப் போரின்போது நிலக்கரி கிடைக்கவில்லை. வகுப்பறைகளைச் சூடாக்க வழியில்லாமல் பள்ளிகளை மூடினார்கள். வீட்டில் நடுங்கிக்கொண்டிருப்பதைவிடப் பனியில் ஓடியாடி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளட்டும் என்று பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள். போர் முடிந்தது, நிலக்கரி வந்தது, விடுமுறை மட்டும் போகவில்லை! ஆல்புலா என்னும் மலைச்சாலையில் பனிக்காலத்தில் வண்டிகள் ஓடுவதில்லை. ஆகவே பிரேடா என்னும் ஊரிலிருந்து பெர்கூன் வரை ஆறு கிலோமீட்டர் சாலையைக் குழந்தைகளுக்கே விட்டுவிடுகிறார்கள். மரச் சறுக்குவண்டியில் குடும்பத்தோடு சறுக்கி இறங்குவதும், இரயிலில் மீண்டும் மேலேறுவதும், மறுபடி இறங்குவதுமாக ஒரு நாள் கழியும்.

பனிச்சறுக்கு வேறு. சறுக்குப் பலகை, காலணி, உடை, மேலே ஏறும் கம்பிவண்டிக் கட்டணம் என்று ஒரு குடும்பத்துக்கு ஆகும் செலவு சிறிதன்று. பள்ளிகள் நடத்தும் பனி முகாம்களில்தான் பல எளிய வீட்டுப் பிள்ளைகள் அதைக் கற்றார்கள். முகாமுக்குப் பெற்றோரிடம் எவ்வளவு வாங்கலாம் என்ற வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கட்டாயக் கல்வி இலவசம் என்று சட்டம் சொல்வதால், கட்டாயமாகக் கலந்துகொள்ள வேண்டிய முகாமுக்கும் உணவுச் செலவை மட்டுமே, அதாவது நாளொன்றுக்கு அதிகபட்சம் 16 பிராங்க் மட்டுமே வாங்கலாம் என்று 2017ஆம் ஆண்டு தீர்ப்பாயிற்று. பணம் போதாமல் முகாம்களையே நிறுத்திவிடுவார்களோ என்ற கவலையும் அப்போது எழுந்தது. எங்கள் வகுப்பில் இதைப் பற்றி நீண்ட வாதம் நடந்தது. "கல்விச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்காதவர்கள்" என்ற பட்டியல் எந்தப் பள்ளியிலும் உண்டு. அதில் உள்ளவர்கள் எல்லாரும் விருப்பமில்லாதவர்கள் அல்லர் என்பது உடன் படிப்பவர்களுக்குத் தெரியும். அந்தத் தீர்ப்பு நியாயமானது என்றே எங்களில் பெரும்பாலோர் கருதினோம்.

இலங்கையிலிருந்து 1980களில் அந்நாட்டுக்குச் சென்ற தமிழ்க் குடும்பங்களில் பலவற்றில், பனியில் சறுக்கிய முதல் ஆள் பள்ளி முகாமுக்குப் போன பிள்ளைதான். சித்தி எழுதியிருந்தார்: மகள் முகாமிலிருந்து கை கால் ஒடியாமல் வந்து சேர வேண்டுமே என்று அந்த ஐந்து நாளும் செபமாலையைக் கீழே வைக்கவில்லையாம். மகள் வந்து, "அம்மா, முதலில் எப்படி விழுவது என்றுதான் கற்றுக்கொடுத்தார்கள்" என்றாளாம்.

மலைமேல் இரவு தங்குவதற்கு ஆல்பைன் மன்றத்தின் குடில்கள் நூற்றைம்பதுக்கு மேல் இருக்கின்றன. நீண்ட கூடத்தில் எல்லாரும் அடுத்தடுத்துப் படுக்க வேண்டும். அழுக்குக் காலணியை வாசலில் விட்டுவிட்டுக் குடிலின் செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். குளிக்கத் தண்ணீர் பல இடங்களில் இராது. கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இரவு பத்து மணிக்கு விளக்கு அணையும். நம் விடுதித் தோழியருக்கு இவை புதிதல்ல. ஆனால் அந்த மன்றத்தின் வரலாற்றில் ஒரு பக்கம் பெண்களாகிய நாம் அறிய வேண்டியது. 1863இல் தோன்றிய அம்மன்றம் 1907இல் பெண்களுக்கு இடமில்லை என்று முடிவு செய்தது. பெண்கள் அழுதுகொண்டிருக்கவில்லை. 1918இல் தங்களுக்கென ஒரு மன்றத்தைத் தொடங்கிச் சிகரங்களில் ஏறினார்கள். 1980இல்தான் இரண்டும் ஒன்றாயின. அந்நாட்டின் பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை கிடைத்ததும் 1971இல்தான். இந்தியப் பெண்கள் முதல் பொதுத் தேர்தலிலேயே வாக்களித்துவிட்டார்கள். இன்று அக்குடில்களில் தாயும் மகளும் கயிறு கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பும் காட்சி சாதாரணம்.

அருட்சகோதரிகள் விரும்பிக் கேட்ட பகுதி இனி வருவது. இத்தாலிக்குச் செல்லும் வழியில் சுமார் 2,470 மீட்டர் உயரத்தில் பெரிய புனித பெர்நார்து கணவாய் உள்ளது. பதினோராம் நூற்றாண்டில் அங்குப் புனித பெர்நார்து ஒரு விருந்தகத்தை ஏற்படுத்தினார். பனியில் வழி தவறியவர்க்கு உணவும் படுக்கையும் அளிப்பது அங்குள்ள துறவியரின் பணி. ஆயிரம் ஆண்டை நெருங்கும் இந்நாளிலும் அக்கதவு திறந்தே இருக்கிறது. தாமே மலையேறியவரான பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் 1923இல் புனித பெர்நார்தை மலைவாழ்வோர்க்கும் மலையேறுவோர்க்கும் பாதுகாவலராக அறிவித்தார். அத்துறவியர் வளர்த்த நாய்களே செயின்ட் பெர்னார்ட் இனம். பார்ரி என்னும் நாய் நாற்பதுக்கும் மேற்பட்டவரைக் காத்ததாகச் சொல்வார்கள். அது 1814இல் பேர்ன் நகரில் முதுமையால் இறந்தது. அதன் பாடம் செய்த உடல் இன்றும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கழுத்தில் பிராந்திக் குப்பி தொங்கும் நாயைப் படங்களில் கண்டிருப்பீர்கள். அது 1820இல் எட்வின் லேண்ட்சீர் என்னும் இருபது வயது நிரம்பாத ஓவியரின் கற்பனை. உண்மையில் குளிரில் விறைத்தவருக்கு மது கேடே செய்யும். தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்து உடலின் வெப்பத்தை வெளியேற்றிவிடும். 2005 முதல் அந்நாய்களை ஓர் அறக்கட்டளை வளர்க்கிறது. கோடையில் அவற்றைக் கணவாய்க்கு அழைத்து வருகிறார்கள். குழந்தைகள் அவற்றோடு நடந்து வரலாம். நாய் குழந்தையை இழுத்துச் செல்கிறதா, குழந்தை நாயையா என்பது பார்ப்பவருக்கு விளங்காதாம்!

விலங்குகளைக் காண விரும்பும் குடும்பம் தேசியப் பூங்காவுக்குப் போகும். 1914 ஆகஸ்டு 1இல் தொடங்கிய அப்பூங்காவின் பரப்பு சுமார் 170 சதுர கிலோமீட்டர். பாதையை விட்டு இறங்கலாகாது, பூவொன்றும் பறிக்கலாகாது, நாயைக் கொண்டுவரலாகாது, இரவில் கூடாரம் அடிக்கலாகாது. இத்தனை "கூடாது"களைக் கேட்டால் எந்தக் குழந்தையும் முகம் சுளிக்கும். ஆனால் அசையாமல் உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்தால், வளைந்த பெருங்கொம்புகளுடன் ஐபெக்ஸ் என்னும் மலையாடு பாறை விளிம்பில் நிற்பது தெரியும். வேட்டையால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அந்நாட்டில் அற்றுப்போன விலங்கு அது. எஞ்சிய மந்தை இத்தாலிய மன்னரின் வேட்டைக் காட்டில் மட்டுமே இருந்தது. மன்னர் கொடுக்க மறுத்தார். 1906இல் சில குட்டிகளை எல்லை தாண்டிக் கடத்திக்கொண்டுவந்து, வளர்த்து, 1911இல் மலையில் விட்டார்கள். இன்று சுவிஸ் மலைகளில் அவை பதினையாயிரத்துக்கு மேல் உள்ளன. கடத்தல் பாவமல்லவா என்று மறைக்கல்வி வகுப்பில் கேட்டோம். பதில் இன்னும் வரவில்லை.

ஆட்டை மீட்டார்கள். பனியாறுகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனியாறுகள் தம் கனஅளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. ரோன் பனியாற்றில் குகை குடைந்து, நீல நிறப் பனிச் சுவர்களுக்குள் பிள்ளைகளை அழைத்துச் செல்வது பல தலைமுறைப் பழக்கம். அக்குகை உருகாதிருக்கக் கோடையில் அதன்மேல் வெள்ளைப் போர்வைகளைப் போர்த்தினார்கள். நோயாளிக்குப் போர்த்துவதுபோல் இருக்கிறது அந்தப் படம். உயர் மலைகளில் பாறைகளைப் பிணைத்து நிறுத்திய பனியும் இளகுவதால், நேற்று வரை நடந்த பாதை இன்று மூடப்படுவதும் உண்டு. 2025ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் லோட்ஷன் பள்ளத்தாக்கில் மலைச்சரிவின் பாறைகளைச் சுமந்த பிர்ஷ் பனியாறு சரிந்து பிளாட்டன் என்னும் கிராமத்தின் பெரும்பகுதியை மூடிவிட்டது. மலையைக் கருவிகளால் கண்காணித்து வந்தவர்கள் ஒன்பது நாட்களுக்கு முன்பே எச்சரித்து, ஊரிலிருந்த சுமார் முந்நூறு பேரையும் கால்நடைகளையும் வெளியேற்றியிருந்தார்கள். ஒருவர் மட்டும் உயிரிழந்தார். குடும்பங்கள் விடுமுறைக்கு வந்து தங்கும் பள்ளத்தாக்கு அது. வீடுகளோடு கோவிலும் பள்ளிக்குச் செல்லும் தெருவும் போயின.

மோர்ட்டெராட்ஷ் என்னும் பனியாற்றுக்குச் செல்லும் பாதையைத்தான் சித்தி குடும்பம் சென்ற கோடையில் தேர்ந்தெடுத்தது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் அளவுக்கு எளிய பாதை. நூறு ஆண்டுகளுக்கு முன் இரயில் நிலையத்தின் அருகிலேயே பனி இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அது ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. எந்த ஆண்டில் பனியின் முனை எங்கே இருந்தது என்று வழிநெடுக ஆண்டு எழுதிய பலகைகளை நட்டிருக்கிறார்கள். தாத்தா பிறந்த காலத்துப் பலகையிலிருந்து அம்மா பிறந்த காலத்துப் பலகைக்கும், அங்கிருந்து தான் பிறந்த காலத்துப் பலகைக்கும் ஓடுவது பிள்ளைகளுக்கு விளையாட்டு. தாத்தாவின் பலகையைச் சுற்றி இப்போது லார்ச் மரங்கள் வளர்ந்து நிழல் தருகின்றன. அம்மாவின் பலகையருகே புதர்களும் சிறு பூக்களும் உள்ளன. பிள்ளையின் பலகையைச் சுற்றி வெறும் சாம்பல் நிறக் கற்கள். கடைசிப் பலகையையும் தாண்டி இன்னும் வெகுதூரம் நடந்தால்தான் பனி.